பத்துக்குப் பதினொன்றில் நாற்பது வாட்

நான் கிட்டார் வாசிக்கும் அறை பத்தடிக்குப் பதினோரு அடி. அதற்குள் ஓர் இரட்டைக் கட்டில், ஓர் இரும்பு பீரோ, மடிக்க ஆள் இல்லாத துணிக்குவியல். மேற்கு மாம்பலத்தில் பழைய அடுக்குமாடிக் கட்டடம். சுவருக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். விடிகாலையில் அவர் தொண்டையைச் செருமுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும். நான் வாசிப்பது அவருக்குக் கேட்குமா என்ற கேள்வி மட்டும் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கும்வரை எனக்குத் தோன்றவேயில்லை. வாங்கியது 40 வாட் வால்வு ஆம்ப். பழையது. இன்னொருவர் வாசித்து முடித்துவிட்டு விற்றது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எலெக்ட்ரிக் கிட்டார் தனியாக இருந்தால் ஊமை. அதைப் பேசவைப்பது ஆம்ப். வால்வு என்பது பழைய ரேடியோவின் முதுகுப்பக்கம் எரிந்துகொண்டிருந்த அதே கண்ணாடிக் குழாய்தான். உள்ளே காற்று கிடையாது. ஓர் இழை சூடேறும். அந்தச் சூட்டில் எலெக்ட்ரான்கள் கிளம்பி எதிரே இருக்கும் தகட்டை நோக்கிப் பாயும். நடுவில் ஒரு கம்பி வலை. கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின் அலை அந்த வலையில் ஏறி நின்று பாய்ச்சலைக் கூட்டும், குறைக்கும். வால்வை 1904-இல் ஃபிளெமிங் என்பவர் இரண்டு முனையோடு செய்தார். 1906-இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவது முனையாக அந்த வலையைச் சேர்த்தார். அரை நூற்றாண்டு ஆண்ட பிறகு டிரான்சிஸ்டர் வந்து ரேடியோ, டிவி, கணினி எல்லாவற்றிலிருந்தும் வால்வை வெளியேற்றியது. கிட்டார்க்காரர்கள் விடவில்லை. வால்வு நன்றாக வேலை செய்கிறது என்பதற்காக அல்ல, அது திணறும் அழகுக்காக. தாங்கும் அளவுக்கு மேல் முடுக்கினால் வால்வு ஒலியை வெடுக்கென்று வெட்டுவதில்லை, மெல்ல நசுக்குகிறது. அந்தக் கரகரப்புக்காகத்தான் ஊரெல்லாம் பைத்தியமாக அலைகிறோம்.

வால்வு திணற வேண்டுமென்றால் சத்தத்தை ஏற்ற வேண்டும். வீட்டில் வாசிப்பவனின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. அந்த வரியை நான் பல தடவை படித்திருந்தேன். படித்துவிட்டு 40 வாட் வாங்கினேன்.

விற்றவர் வேளச்சேரியில் ஓர் இளைஞர். மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறார், சாமான்களைக் கழித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்ததும் கேட்டார்: "அங்கிள், நீங்க எங்க வாசிக்கிறீங்க?"

அங்கிள் என்ற சொல் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்போதே, "அங்கங்கே" என்றேன். அந்த 'அங்கங்கே' என்பது கட்டிலின் இடது முனையும் வலது முனையும்.

"ஸ்டேஜுக்குன்னா இது சூப்பர் அங்கிள். வீட்டுக்குன்னா கொஞ்சம் ஓவர். வீட்டுக்கு வேணும்னா இந்தச் சின்னது இருக்கு, அஞ்சு வாட்."

நேர்மையான பிள்ளை. அவர் கைகாட்டிய இடத்தில் ஒரு குட்டி ஆம்ப் இருந்தது. ஒரே ஒரு பவர் வால்வு, எட்டு அங்குல ஸ்பீக்கர், நம்மூர் 230 வோல்ட்டுக்கே செய்தது, விலையும் பாதிக்குக் கீழே. அதன்மேல் நான் ஏற்கெனவே என் ஹெல்மெட்டை வைத்திருந்தேன். "வீட்டுக்கு இல்லப்பா" என்று சொல்லிவிட்டுப் பெரியதன் பக்கம் திரும்பினேன்.

ஐந்து வாட்டைப் பார்த்தால் மாணவர் சாமான் என்று ஓர் இளக்காரம். ஃபெண்டர் நிறுவனத்தின் 'சேம்ப்' என்ற ஆம்ப் உண்மையிலேயே மாணவர்களுக்காக விற்கப்பட்டதுதான். சுமார் ஐந்து வாட். 1970-இல் மயாமியில் 'லைலா' பாட்டைப் பதிவு செய்தபோது எரிக் கிளாப்டன் அந்தச் சின்னப் பெட்டியைத்தான் பயன்படுத்தினார் என்பது கிட்டார் உலகம் அறிந்த செய்தி. எனக்கும் தெரியும். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் இந்தத் தகவலைச் சொல்லி நண்பர்களை அறுத்திருக்கிறேன். கிளாப்டனுக்குப் போதுமானது எனக்குப் போதாது என்று எந்தக் கணக்கில் முடிவு செய்தேன் என்பதைத்தான் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சோதித்துப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரே ஒரு ப்ளூஸ் துணுக்கை உரக்க வாசித்தேன். அந்தச் சத்தத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், நான் உட்பட. செய்திருக்க வேண்டியது வேறு. கிட்டார் வயரையே சொருகாமல் ஒலியளவைக் கொஞ்சம் ஏற்றிவைத்து, ஆம்ப் தனக்குத்தானே என்ன முணுமுணுக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு குமிழையும் திருகிக் கரகரக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். கால் மணி நேரமாவது சூடேற விட்டு, ஒரு பென்சிலால் வால்வுகளை மெல்லத் தட்டியிருக்க வேண்டும். கெட்டுப்போகிற வால்வு தட்டினால் ஸ்பீக்கரில் மணியடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் எந்த அளவில் வாசிப்பேனோ அந்த அளவுக்குக் குறைத்து வாசித்துப் பார்த்திருக்க வேண்டும். இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லி, பின்பக்கம் குனிந்து, இருட்டில் வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வதை ரசித்தேன். அந்த ஒளி சொல்வதெல்லாம் உள்ளே இருக்கும் சூடேற்றி எரிகிறது என்பதை மட்டுந்தான். வால்வு நல்லதா, சாகக் கிடக்கிறதா என்பதை அது சொல்லாது. புகைப்படம் மட்டும் நன்றாக வரும். எடுத்தேன்.

பின்பலகையில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தது. அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த பெட்டி. சில ஆம்ப்களில் டிரான்ஸ்பார்மருக்கு இரண்டு இணைப்பு இருக்கும், மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், இதில் இல்லை. "ஸ்டெப்-டவுன் வேணும் அங்கிள்" என்று அதையும் அந்தப் பிள்ளை சொன்னார். வீட்டில் இருக்கிறது என்றேன். இருந்தது. அமெரிக்க மச்சினர் ஏதோ ஒரு சாதனத்துக்காகக் கொண்டுவந்து விட்டுப்போன, 230 வோல்ட்டை 120 ஆக இறக்கும் 100 வாட் டிரான்ஸ்பார்மர். ஆம்ப் 40, இது 100, தாராளம் என்று மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். ஸ்பீக்கரில் 40 வாட் வர வேண்டுமானால் இந்த மாதிரி வால்வு ஆம்ப் சுவரிலிருந்து 150 வாட்டுக்கு மேல் இழுக்கும், மிச்சமெல்லாம் சூடாகப் போகும் என்பது என் கணக்கில் வரவில்லை. முதல் நாள் மாலையே வீட்டில் கருகல் வாசனை. அடுப்பை அணைத்துப் பார்த்த பிறகுதான் மனைவியின் கண் என் பக்கம் திரும்பியது.

விலையையும் அன்றுதான் கேட்டாள். சொன்னேன். சொன்ன விலைக்கும் கொடுத்த விலைக்கும் நடுவே ஒரு நல்ல ஸ்மார்ட்போன் வாங்கலாம்.

இனி வாட் கணக்கு. இதை எழுதினால் நான்கு பேராவது தப்பிப்பார்கள். பத்து மடங்கு வாட் என்றால் பத்து மடங்கு சத்தம் அல்ல. வாட்டைப் பத்து மடங்காக்கினால் பத்து டெசிபல் கூடும். நம் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான்கு வாட் ஆம்பைவிட நாற்பது வாட் ஆம்ப் இரண்டு மடங்குதான் சத்தம். இருபதுக்கும் நாற்பதுக்கும் வித்தியாசம் மூன்று டெசிபல், கவனித்துக் கேட்டால்தான் தெரியும். ஆகவே வாட்டைக் குறைத்தால் சத்தம் குறைந்துவிடும் என்று நம்புவதும் முழு உண்மை இல்லை. கிட்டார் ஸ்பீக்கர்கள் அப்படிப்பட்டவை. நல்ல பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட் வாங்கிக்கொண்டு ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் வரை கத்தும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45. அது வெட்டவெளிக்கான கணக்கு, படுக்கையறைக்கு இல்லை என்று வாதாடலாம்தான். இருந்தாலும் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் தூரத்தில் 55 டெசிபல் வேண்டுமானால் அந்த ஸ்பீக்கருக்கு ஒரு வாட்டில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு போதும். நான் வாங்கியது நாற்பது முழு வாட்.

அந்த நாற்பது யாருக்காகச் செய்யப்பட்டது? 1950களின் கடைசியிலும் அறுபதுகளிலும் இசைக் கூடங்களில் இன்றிருப்பது போன்ற பெரிய ஒலிபெருக்கி ஏற்பாடு கிடையாது. கிட்டாரின் முழுச் சத்தமும் ஆம்பிலிருந்தே வர வேண்டும். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் டார்ட்ஃபோர்டு ஊரில் வாக்ஸ் நிறுவனம் முதலில் 15 வாட் செய்தது. 'ஷேடோஸ்' குழுவினர் மேடையில் அது கேட்கவில்லை என்றார்கள். 30 வாட் வந்தது. லண்டன் ஹான்வெல்லில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962-இல் தம் கடையாட்களோடு சேர்ந்து அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப் ஒன்றை ஏறக்குறைய அப்படியே பார்த்துச் செய்தார். அதுவும் போதாமல், 'ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் கேட்டுக் கேட்டு நூறு வாட் பிறந்தது. 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே மைதானத்தில் ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு முன்னால் பீட்டில்ஸ் நூறு வாட் ஆம்ப்களோடு நின்றார்கள். ரசிகர்களின் கூச்சலில் அவர்களுக்கே தங்கள் வாசிப்பு கேட்கவில்லை. வாட் வளர்ந்த கதை இதுதான்: கத்துகிற கூட்டத்தைவிட உரக்கக் கத்த வேண்டிய தேவை. என் அறையில் கத்துவதற்கு இருப்பது ஒரு மேசை விசிறி.

குமிழில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்கள் உண்டு. ஒன்றில் சத்தமே வராது. ஒன்றரையில் தலைமையாசிரியர் வருவார். முதல் தடவை அவர் கதவைத் தட்டியபோது நான் ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, வீட்ல ரிப்பேர் வேலை நடக்குதுபோல. எப்ப முடியும்னு சொன்னீங்கன்னா, நான் மத்தியானத் தூக்கத்தை அதுக்கேத்த மாதிரி வச்சுக்குவேன்."

"இந்த வாரத்துக்குள்ள முடிஞ்சிடும் சார்" என்றேன். அவரும் நம்பித் திரும்பிப் போனார்.

ஆனால் ரிப்பேர் வேலை என்று அவர் சொன்னது பிறகு உண்மையாகவே தேவைப்பட்டது. ஆம்பில் ஒரு 'உம்'மென்ற ஹம் இருந்துகொண்டே இருந்தது. சில சுரங்களில் கண்ணாடி டம்ளர் அதிர்கிற மாதிரி ஒரு கிணுகிணுப்பு. கிட்டார் கம்பியைத் தொட்டுக்கொண்டே வெறுங்காலைத் தரையில் வைத்தால் சுருக்கென்றது. நான் குற்றவாளியைத் தேடினேன். நான்கைந்து வால்வுகளில் இரண்டு பெரியவை, 6எல்6 வகை. பெரியதுதான் தப்பு செய்யும் என்று ஓர் எண்ணம். ஸ்லோவாக்கியாவில் செய்த புது ஜோடி ஒன்றை வரவழைத்து, பழையதைப் பிடுங்கிப் புதியதைச் சொருகினேன். உடனே தெரிந்தது வித்தியாசம். பழைய வால்வுகள் மங்கலான ஆரஞ்சில்தான் மினுங்கும். புதியவை உள்ளே இருக்கும் உலோகத் தகடே தகதகவென்று சிவந்து எரிந்தன. இத்தனை நாள் என்னிடம் சக்தியில்லாத வால்வுகள் இருந்திருக்கின்றன என்று தீர்மானித்து, விளக்கை அணைத்து, அதையும் புகைப்படம் எடுத்தேன்.

அந்தப் புகைப்படத்தைத்தான் ஹம் நிற்காமல் ஆம்பைத் தூக்கிக்கொண்டு போன ரிச்சி தெரு மாடிக் கடையில், ரிப்பேர் பார்க்கும் பாயிடம் பெருமையோடு காட்டினேன். எழுபதைத் தாண்டியவர். ரேடியோ மெக்கானிக்காகத் தொடங்கி, டேப்ரெக்கார்டர், டிவி, யுபிஎஸ் என்று எல்லாக் காலத்தையும் பார்த்தவர். படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிளேட்டு செவந்திருக்கு. எவ்ளோ நேரம் ஓட்டுனீங்க சார்?"

"தினமும் ஒரு மணி நேரம், பாய்."

"வால்வு மாத்துனதும் பயாஸ் பாத்தீங்களா?"

பயாஸ் என்ற சொல்லை நான் கேள்விப்பட்டிருந்தேன். இந்த மாதிரி பெரிய ஆம்ப்களில் வால்வு மாற்றினால், சும்மா இருக்கும்போது அதில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்பதை மீட்டர் வைத்துச் சரிசெய்ய வேண்டும். அதிகமாக ஓடினால் தகடு சூடேறிச் சிவக்கும். நான் ரசித்தது வால்வின் மரணாவஸ்தை. சின்ன ஆம்ப்கள் பலவற்றில் இந்த வேலையே கிடையாது. மின்னோட்டத்தை அவையே ஒருவாறு பார்த்துக்கொள்ளும். வேளச்சேரியில் என் ஹெல்மெட்டுக்கு அடியில் இருந்ததும் அந்த ரகந்தான்.

"பின்னாடி நீங்களே கழட்டுனீங்களா?"

"பிளக்கை உருவிட்டுத்தான் பாய்."

"பிளக்கை உருவுனா கரண்ட் போயிடும்னு யாரு சொன்னாங்க? உள்ள கண்டன்சர் புடிச்சு வச்சிருக்கும் சார். நானூறு வோல்ட்டு. இந்த வயசுலயும் நான் ஒரு கையைப் பின்னால கட்டிக்கிட்டுத்தான் உள்ள கையே விடுவேன்."

இதை நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. வால்வு ஆம்புக்குள் இருக்கும் மின்னழுத்தம் ஆளைக் கொல்லும். அணைத்த பிறகும் கண்டன்சரில் தங்கியிருக்கும். ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்வது மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கை வழியாக இறங்கும்போது நெஞ்சைக் கடக்காமல் இருக்க. தெரியாதவர்கள் திறக்கக் கூடாது. நான் தெரியாதவன், திறந்தேன், பிழைத்தேன். அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

பாய் வேலையைத் தொடங்கினார். ஹம் வந்தது வயதாகிப்போன ஃபில்டர் கண்டன்சர்களிலிருந்து. அவை பதினைந்து இருபது வருடத்தில் உலர்ந்துபோகும், மாற்றியே ஆக வேண்டும். சுருக்கென்றதற்குக் காரணம் மச்சினரின் டிரான்ஸ்பார்மர். அதில் எர்த் இணைப்பே இல்லை. கிட்டார் கம்பிகள் வயர் வழியாக ஆம்பின் இரும்புச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் ஏதாவது கசிவு ஏற்படும்போது விரல்தான் எர்த். கிணுகிணுப்புக்கு அவர் பென்சிலை எடுத்தார். பெரியவற்றைத் தொடவில்லை. ஓரத்தில் இருந்த சுண்டுவிரல் அளவு வால்வைத் தட்டினார். ஸ்பீக்கரில் டங் என்றது. அதைப் பிடுங்கி, அதே ரகத்தில் இரண்டு இடம் தள்ளி இருந்த வால்வோடு இடம் மாற்றிச் சொருகினார். கிணுகிணுப்பு நின்றுவிட்டது. முதல் இடத்து வால்வு அதிர்ந்தால் அதற்குப் பின்னால் வருகிற எல்லா வால்வும் அந்த அதிர்வைப் பெருக்கும், கடைசி இடத்தில் அந்தத் தொல்லை இல்லை என்றார். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஸ்லோவாக்கிய ஜோடிக்கு நான் கொடுத்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வேலை முடியும்போதுதான் மின்சுற்றை முழுதாக ஒரு முறை பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "என்ன சார் இது. ட்யூனரைக் கழட்டிட்ட ரேடியோ."

அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் அதில் துளியும் தப்பில்லை. லியோ ஃபெண்டர் 1938-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் தொடங்கியது ரேடியோ ரிப்பேர் கடை. அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கிட்டார்க்காரர்களின் ஆம்ப்களை ரிப்பேர் செய்து செய்து, வால்வு கம்பெனிகள் அச்சடித்த கையேடுகளில் இருந்த மின்சுற்றுகளை எடுத்து மெருகேற்றித் தம் ஆம்ப்களைச் செய்தார். பாயும் அவரும் ஒரே தொழில்.

"வீட்ல வாசிக்கவா இத்தனை வாட்டு?" என்றார் பாய். "நம்ம வீட்டு ரேடியோ அந்தக் காலத்துல எத்தனை வாட்டு தெரியுமா சார்? மூணு. மிஞ்சிப்போனா நாலு. ஒரே ஒரு இஎல்84." மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துக் காட்டினார். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த வால்வுகள், இன்னும் பிரிக்காமல் சில.

எங்கள் வீட்டிலும் அந்த ரேடியோ இருந்தது. பச்சைக் கண் ஒன்று விரிந்து சுருங்கி ஸ்டேஷன் சரியாக நிற்கிறதா என்று காட்டும். மாலையில் அப்பா இலங்கை வானொலி வைத்தால், பள்ளிக்கூடம் விட்டு வருகிற எனக்குத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலேயே என்ன பாட்டு என்று தெரியும். எதிர்வீட்டுப் பாட்டி தன் திண்ணையில் உட்கார்ந்தே கேட்டுவிடுவார், எங்கள் வீட்டுக்கு வர மாட்டார். அப்பா ஒலியளவைப் பாதிக்கு மேல் வைத்ததே இல்லை. அதாவது நான்கு வாட் எவ்வளவு சத்தம் என்பதை அரைக்கால் சட்டை போட்ட வயதிலேயே என் காதால் அளந்து வைத்திருக்கிறேன். நாற்பது ஆண்டு கழித்து, அதைப் பத்தால் பெருக்கிக் காசு கொடுத்திருக்கிறேன்.

எல்லாம் சரியான பிறகும் அடங்கவில்லை. ஒன்றேகாலில் வைத்து வாசித்தால் ஒலி சன்னமாக, சத்தில்லாமல் இருந்தது. வேளச்சேரியில் கேட்ட அந்தச் சாரீரம் எங்கே? மறுபடியும் வால்வைச் சந்தேகித்தேன், ஸ்பீக்கரைச் சந்தேகித்தேன், எங்கள் தெரு மின்சாரத்தைச் சந்தேகித்தேன். சந்தேகிக்க வேண்டியது காதை. சத்தம் குறையக் குறைய மனிதக் காது கீழ்ச்சுரங்களையும் மிக உச்சச் சுரங்களையும் நடுச்சுரங்களைவிட வேகமாகக் கைவிடுகிறது. 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து வரைபடமாகவே போட்டுவிட்டார்கள். எந்த ஆம்பைக் குறைத்து வைத்தாலும் மெலிந்துதான் கேட்கும். போதாததற்கு, அந்த அளவில் பவர் வால்வுகளுக்கு வேலையே இல்லை. எந்தத் திணறலுக்காக வால்வு வாங்கினேனோ அது ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது. நான் அங்கே போனதே இல்லை.

அப்புறம் அட்டெனுவேட்டர் ஒன்று வாங்கினேன். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உட்கார்ந்து சக்தியைச் சூடாக மாற்றித் தின்றுவிடும் பெட்டி. ஆம்பை எட்டில் வைத்து முடுக்கலாம், வெளியே மெதுவாகக் கேட்கும். கொஞ்சம் குறைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத் தேவையான அளவுக்குக் குறைத்தால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது. வால்வுகளும் முழு வேகத்தில் தேய்கின்றன. அதை இணைக்கும்போது ஒருநாள் ஸ்பீக்கர் வயரைச் சொருக மறந்து ஆம்பைப் போட்டுவிட்டேன். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகலாம், அதுதான் பெட்டியிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்று. அன்று எரியவில்லை. மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சத்தமா வாசிக்க ஒரு பெட்டி, அந்தச் சத்தத்தைக் குறைக்க இன்னொரு பெட்டி. ரெண்டு பேருக்குக் காப்பி போட கல்யாண அண்டாவைத் தூக்கி வச்சுட்டு, எரியறது ஜாஸ்தின்னு கேஸைக் குறைக்கிற மாதிரி இருக்கு."

பதில் சொல்ல முயன்றேன். ஃபிளெட்சர், மன்சன் என்று ஆரம்பித்ததும் அவள் போய்விட்டாள்.

இதையெல்லாம்விடச் சங்கடமான ஒன்று உண்டு. ஆம்ப் நல்ல ஆம்ப். பாய் கை வைத்த பிறகு ஒரு குறையும் சொல்ல முடியாது. கரகரப்பு ஏறிய ஒலியில் சின்னத் தப்புகள் நசுங்கி ஒளிந்துகொள்ளும். குறைத்து வைத்த தெளிவான வால்வு ஒலி எதையும் ஒளிக்காது. ஒருநாள் செல்போனில் பதிவு செய்து கேட்டேன். ஒலி தேன். தாளம் தள்ளாடுகிறது. ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது நடுவே இருக்கும் கம்பி ஒவ்வொரு தடவையும் முனகுகிறது. இதற்குமுன் நான் வைத்திருந்த மலிவான ஆம்ப் இத்தனை வருடம் மறைத்து வைத்திருந்த உண்மையை நான் விலை கொடுத்து வெளியே கொண்டுவந்திருக்கிறேன்.

திருச்சியிலிருந்து சித்தி வந்திருந்தபோது, "என்னமோ பெருசா வாங்கியிருக்கியாமே, ஒண்ணு வாசியேன்" என்றார். வால்வு சூடேறச் சற்று நேரம் காத்திருக்கச் சொன்னேன். சித்தி மரியாதையாகக் காத்திருந்தார். "இளைய நிலா வாசி" என்றார். தமிழ்நாட்டில் கிட்டார் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் 1982-இலிருந்து கேட்கப்படும் பாட்டு. அது மின்சாரமே வேண்டாத கிட்டாரில் வாசித்தது. பரண்மேல் என் கல்லூரிக் காலத்துக் கிட்டார் கிடக்கிறது. அதை எடுத்துத் தூசி தட்டி வாசித்தேன். பாதியில் மறந்துவிட்டது. சித்தி மீதியைப் பாடி முடித்துக்கொடுத்தார்.

வீட்டில் வாசிக்கப் பழைய வால்வு ஆம்ப் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஐந்து வாட்டுக்கு மேல் பார்க்காதீர்கள். அதுவும் முழுசாக முடுக்கலாம் என்ற ஆசையில் வேண்டாம். ஐந்து வாட் உங்கள் தெருவுக்கே போதும். வாக்ஸின் ஏசி4டிவி போலச் சிலவற்றில் ஒரு வாட், கால் வாட் என்று குறைத்துக்கொள்ளச் சுவிட்ச் இருக்கிறது, அதுகூட மூடிய அறையில் நல்ல சத்தம். மெதுவாக வைத்தால் உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள். பின்பலகையில் 230 வோல்ட் என்று இருக்க வேண்டும். வயதைக் கேளுங்கள், கண்டன்சர் மாற்றியதா என்று கேளுங்கள், மாற்றவில்லை என்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். இரவு பத்து மணிக்கு மேல்தான் வாசிக்க நேரம் கிடைக்கும் என்றால் வால்வே வேண்டாம். ஹெட்ஃபோன் சொருகுகிற சின்ன டிஜிட்டல் பெட்டிகள் இப்போது மிக நன்றாக வருகின்றன. வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்னுடையது விற்பனைக்கு இருக்கிறது. 40 வாட், 120 வோல்ட், எர்த்தோடு கூடிய சரியான ஸ்டெப்-டவுன் இலவசம். புது 6எல்6 வால்வுகள், பயாஸ் பார்த்தது, கொஞ்ச நாள் சிவந்து எரிந்தவை. மேடையில் வாசிக்கிறவர்கள் மட்டும் வரவும். 'அங்கங்கே' வாசிக்கிறவர்களுக்குக் கொடுப்பதாக இல்லை. இருபது கிலோவுக்குப் பக்கம் இருக்கும், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, துணைக்கு ஆள் கூட்டி வரவும். விலையில் வாங்குகிறவருக்கு நல்ல லாபம்: மனைவியிடம் எந்த விலைக்கு வாங்கியதாகச் சொன்னேனோ, அதற்குமேல் ஒரு ரூபாய்கூட என்னால் வாங்க முடியாது. மிச்சத்தைத் தருவதாக யாராவது மனமுவந்து நினைத்தால், வீட்டுக்குள் பேச வேண்டாம். கீழே இறக்கும்போது மாடிப்படியில் பேசிக்கொள்ளலாம்.